தனியாக வாசிப்பவருக்கு எந்த பிக்கப்?

கடையில் இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் நந்தினி போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தாள். "அக்கா, மெட்டல் வாசிக்கிறவங்களுக்கு எந்த பிக்கப் போடணும்னு ஒரு பக்கத்துல எழுதிக் குடுங்களேன். கவுன்ட்டர்ல ஒட்டி வெச்சிடறேன்." கூடவே கும்பிடு போடும் பொம்மை ஒன்று.

ஒரு பக்கமாம். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் பாதி ஆயுளை அந்த மேஜையில் கழித்திருக்கிறேன், அதை ஒரு பக்கத்தில் எழுதி கவுன்ட்டரில் ஒட்ட வேண்டுமாம். கொஞ்ச நேரம் கழித்து யோசித்தால் சந்தோஷமாகவும் இருந்தது. ஓய்வு பெற்று வீட்டில் இருப்பவளுக்குக் கோபப்படுவதற்காவது ஒரு ஆள் கிடைத்ததே. காலையில் பால்காரரிடம் பேசியதற்குப் பிறகு அன்று நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

அவள் அடுத்தாற்போல் இன்னொன்றும் எழுதியிருந்தாள். "இப்ப யாருக்கும் சேர்ந்து வாசிக்க பேண்டே இல்லக்கா. எல்லாரும் ரூம்ல உக்காந்து, லேப்டாப்ல சொருகி, ஹெட்போன் போட்டுக்கிட்டு வாசிக்கறாங்க. விக்டர் சார் சொன்னதெல்லாம் இவங்களுக்குப் பொருந்துமா?" இது நல்ல கேள்வி. இதற்குத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு கிட்டார் வாசிக்கத் தெரியாது. தாம்பரம் ஸ்டேஷனுக்கு நடந்து போகிற தூரத்தில், ஜிஎஸ்டி ரோட்டைப் பார்த்த மாடியில் இருந்த இசைக்கருவிக் கடையில் எலக்ட்ரிக் கிட்டார் பழுது பார்த்தவள் நான். அதற்கு முன்னால் மறைமலை நகரில் கார்களுக்கு ரிலே செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் காயில் சுற்றிக்கொண்டிருந்தேன். ஒருநாள் எங்கள் லைனை வேறு ஊருக்கு மாற்றினார்கள், எங்களை மாற்றவில்லை. தாம்பரத்தில் ஒரு மாடிப்படி ஓரம் 'காயில் சுற்றத் தெரிந்த ஆள் தேவை' என்று அட்டை தொங்கியது. ஃபேன் மோட்டாராக இருக்கும் என்று நினைத்து ஏறினேன். கடை முதலாளி விக்டர் சார் ஒரு வெற்று பாபினையும் கம்பிச் சுருளையும் கையில் கொடுத்துவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விட்டார். கம்பி அறாமல் சுற்றி முடித்தேன். மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, "நாளைக்கு வந்துடும்மா" என்றார். மற்றதெல்லாம் வேலை செய்து கற்றதுதான்.

பிக்கப் என்பது கிட்டார் கம்பிகளுக்கு அடியில் பதிந்திருக்கும் சின்னப் பாகம். உள்ளே காந்தம், காந்தத்தைச் சுற்றித் தலைமுடியை விட மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. மேலே கம்பி அதிர்ந்தால் அந்த அதிர்வு மின்சாரமாகி ஆம்ப்ளிஃபையருக்குப் போகும். மெட்டல் என்கிற முரட்டு ராக் இசையை வாசிப்பவர்கள் அந்த மின்சாரத்தை வேண்டுமென்றே முறுக்கி, கரகரக்கவிட்டு, ஊரே அதிரும்படி வாசிப்பார்கள். மற்ற இசையில் மறைந்துபோகும் சின்னக் குறைகூட இதில் பூதாகரமாகக் கேட்கும். அதனால்தான் மெட்டல்காரர்கள் பிக்கப் விஷயத்தில் இப்படிப் பித்துப் பிடித்து அலைகிறார்கள்.

விக்டர் சாருக்கு மெட்டல் பிடிக்காது. சர்ச்சில் வயலின் வாசித்து வளர்ந்தவர். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பையில் எப்போதும் ஒரு கைக்குட்டை. தோளுக்குக் கீழே முடி வளர்த்து, மண்டை ஓடு போட்ட கருப்பு டி-ஷர்ட்டோடு வருகிறவர்களையும் "வாங்க, உக்காருங்க" என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவார். அவர்கள் போன பிறகு என்னிடம், "இரைச்சல்தான் மல்லிகா. ஆனா இரைச்சல்லயும் நல்லது கெட்டது இருக்கு. நம்ம வேலை அதைப் பிரிக்கறது" என்பார்.

வந்தவர் எந்தக் கம்பெனி பிக்கப் வேண்டும் என்று ஆரம்பித்தாலும் சார் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். "வலது கையைக் காட்டுங்க" என்பார். உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கத்து ஓரத்தை விரலால் தடவிப் பார்ப்பார். மெட்டலில் அந்த ஓரத்தைக் கம்பிமேல் அழுத்திக்கொண்டுதான் அடிப்பார்கள். அங்கே காய்த்திருந்தால் கை கனமான ஆள். கனமான கைக்கு வலுவான பிக்கப்பைக் கொடுத்தால் எல்லாம் கொழகொழவென்று ஆகிவிடும். மெல்லிய கைக்குத்தான் வலுவானது வேண்டும். பிறகு ஆம்ப்ளிஃபையரில் சொருகாமல் வாசிக்கச் சொல்லிவிட்டு, கிட்டாரின் மரக்கட்டை ஓரத்தில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். கரண்ட் வருவதற்கு முன்னால் கட்டை என்ன பேசுகிறது என்று தெரிய வேண்டும். கட்டை கணீரென்று இருந்தால் கொஞ்சம் மிருதுவான காந்தம், கட்டை மந்தமாக இருந்தால் கூர்மையான காந்தம். பிடிக்கவில்லை என்றால் கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைப்பார். பிடித்திருந்தால் "இருக்கட்டும்" என்பார். அதற்கு மேல் பாராட்டி நான் கேட்டதில்லை.

வாடிக்கையாளர்கள் கொண்டுவருகிற ஞானம் வேறு விதமாக இருக்கும். கூடுவாஞ்சேரியிலிருந்து ஒருவர் வருவார். எந்த பிக்கப்பைக் காட்டினாலும், "இதுல எத்தினி ஓம்ஸ் கீது அக்கா?" என்று மட்டும் கேட்பார். ஓம்ஸ் என்கிற அந்த மின்தடை எண் பெரிதாக இருந்தால் சத்தமும் பெரிதாக இருக்கும் என்று எவனோ சொல்லிக் கொடுத்திருக்கிறான். மெல்லிய கம்பி சுற்றினாலே அந்த எண் ஏறிவிடும், அதற்கும் சத்தத்துக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. "பட்டன் எண்ணி சட்டை வாங்குவீங்களா?" என்று ஒருநாள் கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, "ரெண்டு எக்ஸ்ட்ரா பட்டன் குடுப்பாங்களே, அத்த பாப்பேன்" என்றார். அவரோடு பேசி ஜெயிக்க முடியாது.

எனக்கு மிகவும் பிடித்த வேலை மெழுகு போடுவது. புதிதாகச் சுற்றிய காயிலில் கம்பிகளுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத இடைவெளி இருக்கும். மெட்டல் அளவுக்குச் சத்தம் வைத்தால் அந்தக் கம்பிகள் தாமே நடுங்கி, விசில் அடித்த மாதிரி கீச்சென்று கத்தும். அதை அடக்க மெழுகில் முக்க வேண்டும். பெரிய பாத்திரத்தில் தண்ணீர், அதற்குள் சின்னப் பாத்திரத்தில் மெழுகும் கொஞ்சம் தேன்மெழுகும், அடுப்பு சிம்மில். சூடு அதிகமானால் பாபின் உருகிக் கோணிக்கொள்ளும், குறைந்தால் மெழுகு உள்ளே இறங்காது. பிக்கப்பை நூலில் கட்டி இறக்கினால் உள்ளே இருந்த காற்று குமிழ் குமிழாக மேலே வரும். குமிழ் நிற்கும்வரை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், வேறு எதுவும் செய்யக் கூடாது. பக்கத்தில் சார் நிற்பார், இரண்டு பேரும் பேச மாட்டோம். என் வாழ்க்கையில் ஒரு ஆளோடு சேர்ந்து சும்மா நின்றது அந்த மெழுகுப் பாத்திரத்தின் முன்னால்தான். கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று கேட்காதீர்கள், அது இந்தக் கட்டுரைக்கு வேண்டாத கதை.

எல்லாம் முடிந்தாலும் சார் பிக்கப்பைக் கடைசியாக முடிவு செய்வது கடையில் அல்ல. பேண்ட் ஒத்திகை பார்க்கும் இடத்துக்கு நாங்கள் இருவரும் போவோம். எங்களிடம் வந்த எல்லோரும் செய்த ஒரே தப்பு, ரூமில் தனியாக வாசித்துப் பார்த்து பிக்கப்பை முடிவு செய்வது. தனியாக வாசிக்கும்போது அடிக்குரல் தடிமனாக இருந்தால்தான் நன்றாக இருக்கும். அதே கிட்டாரை பேண்டில் வைத்தால், அந்த அடிக்குரல் இடத்தில் ஏற்கெனவே பேஸ் கிட்டாரும் டிரம்மும் உட்கார்ந்திருக்கும். ஷேர் ஆட்டோவில் காலை அகட்டி உட்கார்ந்திருக்கும் ஆளை நினைத்துக்கொள்ளுங்கள். ஆட்டோ காலியாக இருந்தால் அவர் ராஜா. இன்னும் மூன்று பேர் ஏறினால் அவரால் எல்லோருக்கும் இம்சை. பேண்டுக்கு வேண்டியது ஒடுங்கி உட்காருகிற பிக்கப். தனியாகக் கேட்டால் அது மெலிந்து, வறண்டு, குறைபட்டது போலத்தான் இருக்கும். சார் அதை அப்படித்தான் இருக்க வேண்டும் என்பார்.

சரவணனை நான் பார்த்தது அப்படி ஒரு வேலையில்தான். மறைமலை நகரில் ஷிஃப்ட் வேலை, முடிச்சூரில் வீடு. அந்தப் பெரிய வெள்ளத்தில் அவனுடைய கிட்டார் கட்டிலுக்கு அடியிலேயே மூழ்கிக் கிடந்தது. கட்டையை நிழலில் பல வாரம் காயவைத்துப் பிழைக்க வைத்தோம், பிக்கப் துருப்பிடித்துச் செத்துவிட்டது. சார் அவன் கையைத் தடவிப் பார்த்து, கட்டையில் காது வைத்துக் கேட்டு, ஒடுங்கிய, கூர்மையான ஒன்றை என்னைச் சுற்றச் சொன்னார். அதைப் பொருத்தி எடுத்துக்கொண்டு அவர்கள் ஒத்திகை பார்க்கும் ஷெட்டுக்குப் போனோம். டிரம் வாசிக்கும் இம்ரானின் வீட்டில், முன்பு வேன் நிறுத்திய ஷெட். சுவரில் சத்தம் வெளியே போகாமல் இருக்க ஒட்டிய முட்டை அட்டைகள், அதற்குக் கீழே வெள்ளத் தண்ணீர் நின்ற கோடு.

சரவணன் முதலில் தனியாக வாசித்துப் பார்த்தான். முகம் சுருங்கிவிட்டது. "இன்னா சார் இது? தகர டப்பாவ தட்டற மாதிரி கீது."

சார் இம்ரானைப் பார்த்து, "நீங்க ஆரம்பிங்க தம்பி" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். ஒத்திகையில் அவர் யார் முகத்தையும் பார்க்க மாட்டார். முகம் பொய் சொல்லும் என்பார்.

இம்ரான் டிரம்மை ஆரம்பித்தான், பேஸ் வாசிக்கும் ஜெகன் சேர்ந்துகொண்டான், பிறகு சரவணன், கூடவே பாடுகிறவனும். அந்தத் தகர டப்பா என்ன ஆனது என்று எனக்குத் தெரியவில்லை. நாலு பேரின் சத்தமும் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தி உட்கார்ந்தது. எனக்கு நெஞ்சுக்குள் அதிர்ந்தது. சத்தம் என்றாலே பிடிக்காத நான், அது நிற்கக் கூடாதே என்று நினைத்தேன். பாட்டு முடிந்ததும் சரவணன் ஓடிவந்து சாரின் கையைப் பிடித்துக்கொண்டான். சார் "இருக்கட்டும்" என்றார்.

அதற்குப் பிறகு சில வருஷங்களில் சார் கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்குப் போனார், அங்கேயே இறந்தும் போனார். கடையை அவருடைய அண்ணன் மகன் எடுத்துக்கொண்டார். நல்ல மனிதர், ஆனால் கீபோர்டு விற்பதில்தான் அவருக்கு ஆர்வம். பழுது பார்க்கும் மேஜையில் நான் மட்டும். பெருங்களத்தூரில் என் வீட்டிலும் நான் மட்டும். சாயங்காலம் கடையை விட்டுக் கிளம்பினால் மறுநாள் காலை வரை என் குரலை நானே கேட்க மாட்டேன். பழகிவிட்டது என்று மற்றவர்களிடம் சொல்லுவேன். பழகவில்லை, இன்றைக்கும் பழகவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் சரவணன் கிட்டார் பையோடு மாடி ஏறி வந்தான். காதோரம் நரைத்திருந்தது.

"அக்கா, சவுண்டு செத்துப்போச்சுக்கா. முன்ன மாதிரி இல்ல."

"யாரு கைய வெச்சாங்க?"

"யாரும் வெக்கல. நானும் எல்லாத்தையும் மாத்திப் பாத்துட்டேன். கம்பி, கேபிளு, எல்லாம். இன்னும் ஒருவாட்டி பாக்கறேன், சரிப்படலன்னா இத்த வித்துட்டு வேலையப் பாக்கறேன். என் கையே போயிடுச்சோன்னு தோணுதுக்கா."

கிட்டாரை விற்றவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கடை வாசல் வழியாகப் போகும்போது தலையைத் திருப்பிக்கொண்டு போவார்கள். இவன் அப்படிப் போகக் கூடாது என்று எனக்கு இருந்தது. திறந்து பார்த்தேன். ஈயப் பற்று வைத்த இடங்கள் உறுதியாக இருந்தன. வால்யூம் குமிழ் சுத்தம். மீட்டர் அன்று காட்டியதையேதான் இன்றும் காட்டியது. காந்தமும் தளரவில்லை. கோளாறு என்று சொல்ல ஒன்றுமே இல்லை. ஆனாலும் அவன் பொய் சொல்லுகிற ஆள் இல்லை, எதையோ கேட்கிறான்.

சார் விட்டுப்போன சோதனைப் பெட்டி ஒன்று என்னிடம் இருந்தது. விதவிதமான பிக்கப்கள், பொருத்திப் பார்த்துத் திருப்பித் தரலாம். அதிலிருந்து இன்னும் வலுவான ஒன்றைப் போட்டு அனுப்பினேன். மறு வாரமே வந்தான். "சகதி மாதிரி கீதுக்கா." பேட்டரியில் ஓடுகிற ஒன்றைப் போட்டேன். "ஃபோன்ல பேசற மாதிரி கீது." உயரத்தை ஏற்றினேன், இறக்கினேன். கடைசியில் பழையதையே திரும்பப் பொருத்தச் சொன்னான். அதற்குப் பிறகும் வந்தான்.

"இம்ரான் இன்னாப்பா சொல்றான்?" என்று கேட்டேன்.

"அவன் இன்னா சொல்வான். நல்லாத்தான் கீதுன்னுவான்."

"அப்ப நான் ஒரு ஞாயித்துக்கிழமை ரிகர்சலுக்கு வரேன். அங்கதான் தெரியும்."

"இந்த வாரம் ஷிஃப்ட்டுக்கா. சொல்றேன்."

ஒவ்வொரு முறையும் இந்த வாரம் ஷிஃப்ட்தான். ஆனால் கடைக்கு வருவதற்கு மட்டும் ஷிஃப்ட் தடையாக இருந்ததில்லை. வந்தால் கடை மூடும்வரை உட்கார்ந்திருப்பான். நான் வேறு கிட்டாரில் பற்று வைத்துக்கொண்டிருப்பேன், அவன் அந்தப் பழைய ஒத்திகைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பான். ஜெகன் ஒருமுறை பாதிப் பாட்டில் தூங்கியது, பாட்டுப் பாடுகிறவன் தொண்டை கட்டிக்கொண்டு கச்சேரியில் வெறும் வாயை அசைத்தது. கீழே போய் பஜ்ஜி வாங்கி வருவான். அவன் வராத வாரம் எனக்கு வாரமாகவே இருக்காது. படியில் காலடிச் சத்தம் கேட்டால் தலையைத் தூக்கிப் பார்ப்பேன். இதையெல்லாம் ஒரு தொழில்நுட்பக் கட்டுரையில் எழுதலாமா என்று தெரியவில்லை, எழுதிவிட்டேன்.

ஆனால் கிட்டாரை விற்றுவிடுவேன் என்ற பேச்சையும் அவன் விடவில்லை. வாங்க ஆள் கிடைத்துவிட்டதாக ஒருநாள் சொன்னான். எனக்குப் பொறுக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவனிடம் சொல்லாமலே சோதனைப் பெட்டியையும் சால்டரிங் அயர்னையும் பையில் போட்டுக்கொண்டு முடிச்சூர் பஸ்ஸில் ஏறினேன்.

இம்ரான் வீட்டுக் கதவைத் திறந்தது அவன் அம்மா. பெயர் ஜமீலா. யாரென்று சொன்னேன்.

"கிட்டாரு ரிப்பேர் பண்ற அம்மாவா? சரவணன் சொல்லிக்கினே இருப்பான். ஷெட்டுல தான் கீறான், போம்மா."

"இம்ரானும் இருக்கானா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இம்ரானு துபாய் போயி எவ்ளோ நாளாச்சு! ஜெகனு பெங்களூரு. பாடுவானே, அந்தப் புள்ள கண்ணாலம் கட்டிக்கினு மாமியார் வூட்டோட போயிட்டான். இவன் ஒருத்தன் தான் ஞாயித்துக்கெழம ஆனா தவறாம வந்துகினு கீறான். சாவி கூட அவன்கிட்டயே குடுத்துட்டேன். சத்தம் கேட்டா எனக்கும் வூட்ல ஆளு கீற மாதிரி இருக்கும்."

ஷெட் கதவு சாத்தியிருந்தது. நான் வெளியிலேயே நின்று கேட்டேன். அன்று கேட்ட அதே பாட்டு. சரவணன் தன் பங்கை மட்டும் வாசித்தான். டிரம் தனியாக வர வேண்டிய இடத்தில் நிறுத்திவிட்டு, காலால் தரையைத் தட்டிக்கொண்டு காத்திருந்தான். பிறகு விட்ட இடத்திலிருந்து எடுத்தான். அந்த பிக்கப் மெலிந்து, வறண்டு, நாங்கள் சுற்றியபடியே இருந்தது. மூன்று பேருக்கு இடம் விட்டு ஒடுங்கி உட்கார்ந்திருந்தது, அந்த மூன்று பேரும் இல்லை.

கதவைத் தள்ளினேன். டிரம் மேல் பூப்போட்ட பெட்ஷீட் போர்த்தியிருந்தது. என்னைப் பார்த்ததும் அவன் கிட்டாரைக் கழற்றப் போனான், பிறகு அப்படியே நின்றான்.

"சரவணா, கிட்டார்ல ஒரு கோளாறும் இல்ல."

"தெரியும்கா."

"தெரியுமா?"

"மொதல்லயே தெரியும்."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. "தெரிஞ்சுகிட்டு இத்தனை மாசமா என்னை ஏன்டா அலைக்கழிச்ச? எத்தனை தடவை அதைப் பிரிச்சு மாட்டினேன்! எங்க தப்பு விட்டேன்னு தூங்காம யோசிச்சிருக்கேன்!"

அவன் கிட்டாரின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தான். "வேற யாருகிட்ட போறதுக்கா? அந்த சவுண்டு எப்டி இருந்துச்சுன்னு கேட்ட ஆளுங்க யாருமே இங்க இல்ல. சாரும் போயிட்டாரு. நீங்க ஒருத்தர் தான் மிச்சம். உங்க டேபிள்ல வெச்சு, முன்ன மாதிரி இல்லன்னு சொன்னா, முன்ன எப்டின்னு உங்களுக்குத் தெரியும். வூட்ல சொன்னா லூசுன்றாங்க."

என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. அவன் படியேறி வரும் சத்தத்துக்காக நான் தலையைத் தூக்கிப் பார்த்ததும், அவன் படியேறி வந்ததும் ஒரே காரணத்துக்காகத்தான் என்று அப்போது புரிந்தது. அழுகை வந்தது. அதை மறைக்கப் பையைத் திறந்து பெட்டியை எடுத்தேன்.

அதில் ஒரு பிக்கப் இருந்தது. சார் மெட்டல்காரர்கள் யாருக்கும் அதைக் கொடுத்ததில்லை. மிருதுவான காந்தம், கொஞ்சம் தாராளமான சுற்று, அடிக்குரலும் நடுக்குரலும் தடிமனாக வரும். காலை அகட்டி உட்காருகிற வகை.

"இதைக் கேளு" என்றேன். "உன்கிட்ட இருக்கறது அவங்க வந்தா நல்லா இருக்கும். இது உனக்கு மட்டும்னா நல்லா இருக்கும். ரெண்டும் நல்ல பிக்கப்தான். எதுன்னு நீதான் சொல்லணும்."

"அவனுங்க வந்தா?"

"வந்தா பழசை மாட்டிக்கலாம். அது ஒண்ணும் பெரிய வேலை இல்ல."

பெட்ஷீட் போர்த்திய டிரம்மை அவன் வெகுநேரம் பார்த்தான். "வரமாட்டானுங்கக்கா" என்றான். அதை அவன் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். "மாத்திடுங்க. மாத்திட்டா நான் விக்கல."

நந்தினி, நீ கேட்டதற்குப் பதில் இதுதான். சார் சொன்னது பொருந்தும். எத்தனை பேர் கூட இருக்கப்போகிறார்கள் என்று முதலில் கேள். யாரும் இல்லை என்று சொன்னால் அவர்களுக்கு மெலிந்ததைக் கொடுத்துவிட்டு, பேண்டில் நன்றாக இருக்கும் என்று சொல்லாதே. நிறைந்த சத்தமாகக் கொடு. ஆனால் அந்தக் கேள்வியைக் கொஞ்சம் மெதுவாகக் கேள்.

அங்கேயே ஷெட் தரையில் செய்தித்தாளை விரித்துக் கிட்டாரைக் கவிழ்த்தேன். கம்பிகளைத் தளர்த்தி, பழைய பிக்கப்பின் வயர்களைச் சூடு காட்டிப் பிரித்து, புதியதன் வயர்களைத் தோல் சீவி முறுக்கி, ஈயம் வைத்தேன். அவன் டார்ச் அடித்துக்கொண்டு பக்கத்தில் குந்தியிருந்தான், நாங்கள் பேசவில்லை. உயரத்தைச் சரி செய்து, கம்பியை முறுக்கிச் சுருதி சேர்த்து அவனிடம் கொடுத்தேன்.

முதல் அடியிலேயே ஷெட் நிறைந்தது. சுவர், தகரக் கூரை, தரை எல்லாவற்றிலும் அந்தச் சத்தம் போய் உட்கார்ந்தது. பேஸ் இருக்க வேண்டிய இடத்தையும் அதுவே எடுத்துக்கொண்டது. பெட்ஷீட்டுக்கு அடியில் டிரம்மின் கம்பி வலை தானாகச் சலசலத்தது. சரவணன் திடுக்கிட்டு என்னைப் பார்த்தான், பிறகு சிரித்தான், பிறகு கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பாட்டை முதலிலிருந்து எடுத்தான். காத்திருக்கும் இடம் வந்தது, இந்த முறை அவன் காத்திருக்கவில்லை. அதன் மேலேயே வாசித்துக்கொண்டு போனான். இனி இவன் விற்க மாட்டான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இனி கடைக்கு வர அவனுக்குக் காரணம் இல்லை என்பதும் தெரிந்துவிட்டது.

அதையே அவன் மறுபடி மறுபடி வாசித்துக்கொண்டிருக்கும்போது ஷெட் கதவு படாரென்று திறந்தது. ஜமீலா அம்மா நின்றார். தலையில் முக்காடு நழுவியதுகூடத் தெரியாமல் வேகமாக வந்திருந்தார். கையில் ஒரு தட்டு, தட்டில் ஐந்து டம்ளர் டீ. சரவணன் கம்பிகளை உள்ளங்கையால் அமுக்கி நிறுத்தினான்.

"யார் யார் வந்துகீறாங்க?" என்று கேட்டார். "உள்ள கேட்டா அப்ப மாதிரியே கீதே. எல்லாம் வந்துட்டானுங்களோன்னு..."

ஷெட்டைச் சுற்றிப் பார்த்தார். சரவணனை, என்னை, பெட்ஷீட்டை.

"யாரும் வரலம்மா" என்றான் சரவணன். "நான் தான்."

"அப்டியா" என்றார். தட்டை வைக்க இடம் தேடினார். பிறகு அதை ஆம்ப்ளிஃபையர் மேல் வைத்துவிட்டு, முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, "சரி, ஆறிடப் போவுது, குடிங்க" என்று தரையில் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

அந்த ஐந்து டம்ளரையும் நாங்கள் மூன்று பேரும்தான் குடித்தோம்.